தேய்வதற்கென்றே வைத்த துண்டு



தொழில் முடிந்து கரைசேர்ந்த படகொன்றின் அருகே காலையில் நின்று பாருங்கள். படகோட்டி வலையின் கிழிசலைக் கவனிப்பார். வெளியிணைப்பு இயந்திரத்தை மேலே சாய்த்து, சுழல்விசிறியில் நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆனால், அந்த விசிறிக்குச் சற்று மேலே பொருத்தப்பட்டிருக்கும் சாம்பல் நிறமான சிறிய உலோகத் துண்டைப் பலர் கவனிப்பதேயில்லை. கவனிப்பவர்களுள்ளும் சிலர், அது தேயாமற் புதிதுபோலவே இருப்பதைக் கண்டு மகிழ்ச்சியடைகின்றனர். அந்த மகிழ்ச்சி தவறானது. அத்துண்டு தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. கடலில் நெடுநாள் ஓடியும் அது தேயவில்லையெனின், அதற்குப் பதிலாக இயந்திரம் தேய்ந்துகொண்டிருக்கிறது என்றே ஐயுற வேண்டும்.

இதன் காரணத்தை அறிய, டோர்ச் விளக்கில் இடும் சாதாரண பற்றரியை நினைவுகூர்வோம். அதனுள்ளே நாகத்தாலான ஒரு கிண்ணமும், நடுவிலே ஒரு கரிக்கோலும், இரண்டுக்குமிடையில் உப்புக் கலந்த ஈரப்பசையும் உள்ளன. விளக்கு எரிய எரிய நாகம் கரைகிறது. பழைய பற்றரியை நெடுநாள் விளக்கினுள்ளேயே விட்டுவிட்டால், நாகம் ஓட்டையாகி உள்ளிருப்பது வெளியே கசிவதை நாம் கண்டிருக்கிறோம்.

கடல்நீரில் இறங்கிய இயந்திரத்திலும் இதுவே நிகழ்கிறது. ஒரு கிலோகிராம் கடல்நீரிலே ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. ஆகையால் அது மின்சாரத்தை நன்கு கடத்தும். இயந்திரத்தின் கால்பகுதி அலுமினியக் கலப்புலோகத்தாலானது. விசிறியைச் சுழற்றும் தண்டும் திருகாணிகள் பலவும் துருப்பிடியா உருக்கினாலானவை. வேறுவேறான இரு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் நின்றால், அவற்றுள் எளிதிற் கரையும் இயல்புடையது கரையும். இங்கே கரைவது அலுமினியம். முதலில் வர்ணம் கொப்பளிக்கும். அதன் கீழே வெண்பொடி தோன்றும். பின்னர் குழிகள் விழும். ஈற்றிலே பற்சக்கரப் பெட்டியினுட் கடல்நீர் புகுந்து எண்ணெயோடு கலந்துவிடும். அவ்வாறு பழுதடைந்த இயந்திரம் கரையில் நிற்கும்போதுதான் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. பாக்கு நீரிணையின் நடுவே அது நின்றுவிட்டால், படகு எந்தத் திசையிற் செல்லும் என்பதைக் காற்றும் நீரோட்டமுமே தீர்மானிக்கும்.

அலுமினியத்திலும் எளிதிற் கரையும் உலோகமொன்றை அதனோடு இணைத்துவிட்டால், அந்த உலோகம் தான் கரைந்து அலுமினியத்தைக் காப்பாற்றும். அனோட்டு எனப்படும் துண்டு செய்யும் வேலை இதுவே. இந்த உபாயத்தை 1824ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர் ஆங்கில விஞ்ஞானி ஹம்பிரி டேவி. அக்காலத்துப் போர்க்கப்பல்களின் மர அடிப்பாகத்திலே செப்புத் தகடு வேயப்பட்டிருந்தது. கடல்நீர் அதை அரித்து வந்தது. நாகத்தையோ இரும்பையோ செம்போடு இணைத்தால் செம்பு கரையாது என்று டேவி கண்டார். செம்பின் பரப்பிலே 150இல் ஒரு பங்கு அளவுள்ள துண்டும் போதுமானதாக இருந்தது. ஆயினும் ஓர் எதிர்பாராத விளைவு நேர்ந்தது. கரையும் செம்பு நஞ்சாகி, பாசியையும் கொட்டலசையும் விலக்கி வந்தது. கரைவது நின்றதும் அவை கப்பலிற் படிந்து அதன் வேகத்தைக் குறைத்தன. ஆகவே பிரித்தானியக் கடற்படை அம்முறையைக் கைவிட்டது. எனினும் டேவி கண்ட தத்துவம் பிழையானதன்று. நமது இயந்திரங்களைக் காப்பது அதே தத்துவந்தான்.

இனி, துண்டு தேயாமலிருப்பதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, வர்ணம். இயந்திரத்தை அழகுபடுத்துகையில் அனோட்டின்மேலும் வர்ணம் பூசிவிடுகின்றனர். பூசிய துண்டு நீரைத் தொடாது, தொடாதது காக்காது. இரண்டாவது, தொடர்பின்மை. துண்டுக்கும் இயந்திரத்துக்குமிடையிலே அழுக்கோ, வர்ணமோ, பசையோ இருந்தால் மின்தொடர்பு அறுந்துவிடும். பொருத்துமுன் இரு பக்கத்தையும் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்துத் துடைத்தல் வேண்டும். மின்தடை அளக்கும் கருவி கிடைத்தால், துண்டுக்கும் காலுக்குமிடையே தடை ஏறக்குறைய இல்லையென்பதை உறுதிசெய்யலாம். மூன்றாவது, இயந்திரத்தைப் பாதி சாய்த்துவிட்டுப் படகை நீரிலே கட்டிவைப்பது. கால் நீருக்குள்ளும் அனோட்டு நீருக்கு வெளியிலும் இருந்தால் பாதுகாப்பு இல்லை. இயலுமாயின் காலை முழுவதும் நீருக்கு மேலே உயர்த்திவிடுங்கள்.

நான்காவது காரணம், பொருந்தாத உலோகம். கடலுக்கு நாகம் ஏற்றது. ஆனால் உப்புக் குறைந்த நீரிலே அதன்மேல் ஒருவகைப் படலம் படிந்து, அது செயலற்றுப் போகும். மட்டக்களப்பு வாவி போன்ற இடங்களில், மாரிமழை வெள்ளம் இறங்கும்போது நீரின் உப்புத்தன்மை குறைகிறது. அங்கு ஓடும் படகுகளுக்கு, இதற்கெனச் செய்யப்பட்ட அலுமினியக் கலப்புலோக அனோட்டே உகந்தது. அது கடலிலும் வேலை செய்யும். மக்னீசியம் நன்னீருக்கு மாத்திரம் உரியது. கடலில் அது விரைவிற் கரைந்துபோவதோடு, இயந்திரத்தின் வர்ணத்தையும் கொப்பளிக்கச் செய்யும்.

பழைய நாகத்தை உருக்கித் தாமே துண்டு வார்ப்பதும் சிக்கனம்போலத் தோன்றலாம். ஆனால், நாகத்திலே மிகச் சிறிதளவு இரும்பு கலந்தாலும் அதன்மேற் படலம் படிந்து, அது கரையாமல் நின்றுவிடும். இலட்சத்தில் ஐந்து பங்குக்கு மேல் இரும்பு இருத்தலாகாது என்பது அனோட்டு நாகத்துக்கு வகுக்கப்பட்ட விதி. இரும்புச் சட்டியில் உருக்கிய நாகத்தில் அந்தத் தூய்மையை எதிர்பார்க்க முடியாது.

அனோட்டு காணாமற் போவதும் உண்டு. திருகாணியைச் சுற்றியுள்ள பாகம் கரைந்து தளர்ந்ததும், மீதியுள்ள துண்டு கழன்று கடலில் விழுந்துவிடுகிறது. ஆதலால், பாதி தேய்ந்தவுடனேயே மாற்றிவிடுதல் நல்லது. இடையிடையே திருகாணியை இறுக்கிப் பாருங்கள். விசிறிக்கு மேலுள்ள துண்டு சில இயந்திரங்களிலே திசைதிருப்பும் சிறு வாலாகவும் உதவுகிறது. அதைக் கழற்றுமுன், அது நின்ற கோணத்தைக் கோடிட்டு அடையாளப்படுத்திக்கொள்ளுங்கள்.

வழமைக்கு மாறாகச் சில நாட்களிலேயே துண்டு கரைந்துவிட்டால், அதுவும் ஓர் எச்சரிக்கையே. படகிலுள்ள பற்றரியின் கம்பி எங்கேனும் உரிந்து மின்சாரம் கசிகிறதா என்று தேடுங்கள். பாசி படியாதிருக்கச் செம்பு கலந்த வர்ணத்தைக் காலிலே பூசியிருந்தால், அதுவும் அலுமினியத்தை அரிக்கும்.

இறுதியாக, கழுவுதல். அனோட்டு நீருக்குள் நிற்கும்போது மாத்திரமே காவல் செய்யும். கரையேறிய பின்னர் இயந்திரத்தினுள்ளே காயும் உப்பை நன்னீர்தான் அகற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் தொழில் முடிந்ததும், குளிர்நீர் ஓடும் பாதையினூடாகச் சில நிமிடங்கள் நன்னீரைச் செலுத்துங்கள். தீவுப்பகுதிகளிற் சில கிணறுகளின் நீரே உவராக இருப்பதால், கிடைப்பவற்றுள் உப்புக் குறைந்த நீரைத் தெரிந்தெடுங்கள்.

அன்பர்களே, நாளை காலையில் இயந்திரத்தைச் சாய்க்கும்போது அந்தச் சிறு துண்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். அது குழிவிழுந்து, கரடுமுரடாகத் தேய்ந்திருந்தால், தன் கடமையைச் செய்திருக்கிறது. மாற்றவேண்டிய காலத்தை மட்டும் கணித்துக்கொள்ளுங்கள். புதிதுபோல வழுவழுப்பாக இருந்தால், அன்றே கழற்றிக் காரணத்தைத் தேடுங்கள்.