பிடித்த கை

ஸ்கேன் எந்திரத்துக்குள் ஒரு பெண் படுத்திருக்கிறார். திரையில் சிவப்பாகப் பெருக்கல் குறி தோன்றினால், கணுக்காலில் மின்அதிர்ச்சி வரலாம். ஐந்தில் ஒரு வாய்ப்பு. காத்திருக்கும் அந்தச் சில நொடிகள் இருக்கின்றனவே, அவைதான் கொடுமை!

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கோன் சகாக்களுடன் 2006இல் வெளியிட்ட ஆய்வு இது. மணமான 16 பெண்கள் பங்கேற்றார்கள். ஒருமுறை யார் துணையும் இல்லை. ஒருமுறை பிடித்துக்கொள்ள முன்பின் தெரியாதவர் கை. ஒருமுறை கணவர் கை.

துணையின் கை ஏன் தேவைப்படுகிறது? தாயைப் பிரிந்த குழந்தையின் தவிப்பைப் பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி ஆராய்ந்தார். தாயையும் குழந்தையையும் இணைக்கும் அதே பிணைப்பே காதலிலும் வேலை செய்கிறது என்று 1987இல் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் எழுதினார்கள். “எப்போ வருவே?” என்று துணையைக் கேட்பவரைப் பலவீனமானவர் என்று கேலி செய்வது எவ்வளவு தவறு! பசிக்கிறது என்பவரை யாராவது கேலி செய்வார்களா?

சரி, அந்த 16 பேருக்கு என்ன ஆயிற்று? அந்நியர் கையும் ஓரளவு உதவியது. கணவரின் கையைப் பிடித்திருந்தபோதோ, ஆபத்தை எதிர்கொள்ளும் மூளைப் பகுதிகளின் பரபரப்பு இன்னும் நன்றாகத் தணிந்தது. அதிலும் மனமொத்து வாழ்ந்த பெண்களுக்கே அந்த ஆறுதல் அதிகம் கிடைத்தது.