ஓய்வூதியரின் கூரை மீது ஏறும் வரி

(தெற்கு அந்தமான் சௌல்தாரியில் ஓய்வூதியர்களும் கட்சி உறுப்பினர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரி என்றால் வருமான வரி அலுவலகத்தையே நம்மில் பலர் நினைக்கிறோம். "எனக்கு வரும் ஓய்வூதியத்துக்கு வருமான வரியே கிடையாது, வரியைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று ஒரு மூத்த தோழர் கேட்பது இயல்பு. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதே இன்றைய உரையின் நோக்கம். முதியவரின் வருமானத்தை வரி நேரடியாகத் தொடுவதைவிட, அவர் வாங்கும் பொருளின் வழியாகவும் வசிக்கும் வீட்டின் வழியாகவுமே அதிகம் தொடுகிறது. அப்படித் தொடும் வரியைத் தீர்மானிக்கும் இடங்களில் இந்தத் தீவு மக்களுக்கு இருக்கையே இல்லை. இவை இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்? இந்தத் தீவுகளில் முதுமையை எட்டியுள்ள தமிழ் உழைப்பாளிகள் ஒரே வகையினர் அல்லர். பொதுப்பணித் துறையிலும், வனத் துறையிலும், துறைமுகப் பணிகளிலும், 1883ல் தொடங்கப்பட்ட சாத்தம் மர அறுவை ஆலையிலும் நிரந்தரப் பணி செய்து ஓய்வூதியம் பெறுவோர் ஒரு பிரிவினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் மற்றொரு பிரிவினர். வாழ்நாள் முழுவதும் தினக்கூலி மஸ்தூர்களாகவே உழைத்துத் தேய்ந்தவர்கள் மூன்றாவது பிரிவினர். இந்த மஸ்தூர்களின் ஊதிய வழக்கில் உத்தரவு நிறைவேற்றப்படவில்லை என்பதற்காக, 2023 ஆகஸ்டில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் போர்ட் பிளேர் அமர்வு தலைமைச் செயலாளரையே இடைநீக்கம் செய்தது. மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. பணியில் இருப்பவரின் கூலிக்கே இவ்வளவு போராட வேண்டியிருந்தால், பணியை விட்டவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இவர்களின் வருமானம் எவ்வாறு இருக்கிறது? தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியோடு இணைந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டுகள் கடந்தும் அது அசையவில்லை. முதியோர் ஓய்வூதியத்தில் ஒன்றிய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். 80 வயதுக்கு மேல் 500 ரூபாய். அரசு ஓய்வூதியருக்கு விலைவாசியை ஈடுகட்டத் தரப்படும் அகவிலை நிவாரணமும் 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை 18 மாதங்கள் முடக்கப்பட்டது; அந்த நிலுவை வழங்கப்படவில்லை. 2004க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களின் ஓய்வூதியத்தையோ பங்குச் சந்தையின் கையில் ஒப்படைத்தார்கள்.

2025-26 முதல் புதிய வருமான வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்று பெரிதாக விளம்பரம் செய்யப்பட்டது. மேலே சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த எல்லையின் அருகில்கூட வருபவர்கள் அல்லர். அவர்கள் முன்னரும் வருமான வரி கட்டவில்லை; இந்தச் சலுகையால் அவர்களுக்குக் கிடைத்ததும் ஏதுமில்லை. அவர்கள் கட்டுவது மறைமுக வரி.

2017 ஜூலை 1க்கு முன்பு அந்தமான் நிக்கோபாரில் மதிப்புக் கூட்டு வரி கிடையாது. தொலைதூரத் தீவு மக்கள் ஏற்கெனவே கப்பல் கூலியைச் சுமக்கிறார்கள் என்பதே அதன் நியாயம். ஜிஎஸ்டி வந்ததும் அந்த நியாயம் கைவிடப்பட்டது. மாநிலங்களில் மாநில ஜிஎஸ்டி வாங்கப்படுவதுபோல் இங்கே யூனியன் பிரதேச ஜிஎஸ்டி வாங்கப்படுகிறது. 2022 ஜூலை 18 முதல் பையில் அடைத்துப் பெயர் ஒட்டிய அரிசிக்கும் 5 சதவீதம் வந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீதம், பெரும்பாலான மருந்துகளுக்கு 12 சதவீதம் என எட்டாண்டுகள் வசூலித்துவிட்டு, 2025 செப்டம்பர் 22 முதல்தான் காப்பீட்டு வரியை நீக்கி, மருந்து வரியை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். குறைத்தது நல்லதே. ஆனால் நோயோடு போராடிய அந்த எட்டாண்டுகளில் முதியவர்கள் கட்டிய தொகையை யார் திருப்பித் தருவார்கள்?

தீவு மக்களுக்கு இதில் இன்னொரு சுமையும் உண்டு. ஜிஎஸ்டி பொருளின் விலை மீது விதிக்கப்படுகிறது. அந்த விலைக்குள் கப்பல் கூலியும் அடங்கியிருக்கிறது. ஒரு மூட்டை சிமெண்ட் வரி நீங்கலாகச் சென்னையில் 350 ரூபாய், கடல் கடந்து இங்கு வரும்போது 450 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 18 சதவீத வரி அங்கே 63 ரூபாய். இங்கே 81 ரூபாய். வங்கக் கடலின் தூரத்துக்கும் சேர்த்து நாம் வரி கட்டுகிறோம். 2025 செப்டம்பர் வரை சிமெண்டுக்கு வரி 28 சதவீதமாக இருந்தது. அந்தக் கணக்கில் இங்கே 126 ரூபாய்.

தோழர்களே, சிமெண்டை உதாரணமாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஆண்டில் பாதிக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. கூரைத் தகரம் துருப்பிடிக்கும், சுவர் ஊறும். வயதானவர் தன் வீட்டைப் பழுது பார்க்காமல் இருக்க முடியாது. தகரத்துக்கும் 18 சதவீதம், கம்பிக்கும் 18 சதவீதம். வீட்டு வரி ரசீது வருவதற்கு முன்பே வீட்டின் மீதான வரி தொடங்கிவிடுகிறது.

இந்த விகிதங்களை முடிவு செய்வது ஜிஎஸ்டி கவுன்சில். மாநிலங்களுக்கும், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களுக்கும் அதில் இடம் உண்டு. சட்டமன்றம் இல்லாத அந்தமானுக்கு இடமில்லை. அரசியல் சாசனத்தின் 240ஆவது பிரிவின்படி இந்தத் தீவுகளுக்கான ஒழுங்குமுறைச் சட்டங்களைக் குடியரசுத் தலைவரே, அதாவது ஒன்றிய அரசே, பிறப்பிக்கலாம். வரி கட்டுபவர் சௌல்தாரியில் இருக்கிறார். அவர் சார்பில் பேச வேண்டியவர் தில்லியின் நிதியமைச்சகத்தில் இருக்கிறார்.

இனி வீட்டு வரிக்கு வருவோம். சௌல்தாரி, பெரார்கஞ்ச் வட்டத்தைச் சேர்ந்த ஊராட்சி. நகரத்தின் சொத்து வரி நம்மைத் தொடாது என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. ஊராட்சிகளுக்கு வரி விதிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் மூலம் அளிக்கலாம் என்று 243எச் பிரிவு கூறுகிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட தலைநகரம் விரிவடையும்போது, அருகிலுள்ள ஊர்களின் நில மதிப்பும் ஏறும். அந்த மதிப்பைப் பிடித்துக்கொண்டு வரியும் ஏறி வரும்.

அது எப்படி வரும் என்பதைத் தமிழ்நாட்டில் பார்த்தோம். 15ஆவது நிதிக் குழு, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநில உற்பத்தியின் வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் குடியிருப்புகளுக்கான வரி 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட சிறு வீட்டுக்குக்கூட 50 சதவீத உயர்வு. பிறகு ஆண்டுக்கு 6 சதவீத உயர்வும் வந்தது. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் வரி 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். 1,000 ரூபாய் ஓய்வூதியமோ 2014ல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நில மதிப்பு உயர்ந்தால் வீட்டுக்காரர் செல்வந்தராகிவிட்டார் என்பது காகிதக் கணக்கு. குடியிருக்கும் வீட்டின் மதிப்பு உயர்வதால் அடுப்பில் உலை கொதிக்காது. விற்றால்தான் பணம், விற்றால் தெருவில் நிற்க வேண்டும். இந்தத் தீவுகளில் நிலைமை மேலும் சிக்கலானது. 1966ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டப்படி இங்குள்ள நிலம் அனைத்தும் அரசுக்கே உரியது. அரசு வழங்கும் உரிமையின் பேரில்தான் மக்கள் அதில் வாழ்கிறார்கள். நிலம் அரசுடையது என்பார்கள். மதிப்பு உயர்வு மட்டும் முதியவருடையது என்று கணக்கெழுதினால் அது என்ன நீதி?

அப்படியானால் வீட்டு வரியே வேண்டாம் என்று நாம் சொல்கிறோமா? இல்லை. குடிநீர்க் குழாய்க்கும், தெருவிளக்குக்கும், வடிகாலுக்கும் ஊராட்சியிடம் பணம் வேண்டும். அந்தச் சேவைகள் நின்றால் முதலில் தவிப்பவர் முதியவரே. இங்கே அமெரிக்காவின் கலிபோர்னியா ஒரு பாடம். வரி உயர்வால் முதியவர்கள் வீட்டை இழக்கிறார்கள் என்ற நியாயமான குமுறலை முன்வைத்து, 1978 ஜூனில் 13ஆவது முன்மொழிவு மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. சொத்து வரிக்கு 1 சதவீத உச்சவரம்பு. மதிப்பீட்டு உயர்வு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் கூடாது. ஆனால் அந்த வரம்பு மூதாட்டியின் வீட்டுக்கு மட்டுமல்லாமல் பெருநிறுவனங்களின் வணிகக் கட்டடங்களுக்கும் சேர்த்தே பொருந்தியது. பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் நிதி சுருங்கியது. முதியவரின் கண்ணீரைக் காட்டிப் பெருமுதலாளி பலன் பெற்றார். அந்த வலையில் நாம் விழக் கூடாது.

சரியான வழிகள் நம் நாட்டிலேயே இருக்கின்றன. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2023ல் 60 சதுர மீட்டர் வரையுள்ள வீடுகளுக்குச் சொத்து வரி விலக்கு அளித்தது. தில்லியில் மூத்த குடிமக்கள் தாங்களே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை 30 சதவீதத் தள்ளுபடி பெறுகிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதைக் கடந்தவர்கள் வீட்டு வரியைத் தள்ளிவைத்து, வீடு கைமாறும்போது செலுத்தலாம்.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். சிறிய வீடுகளுக்கு முழு விலக்கு வேண்டும். குடியிருக்கும் வீட்டின் வரியைச் சந்தை மதிப்போடு பிணைக்கக் கூடாது. ஓய்வூதியம் தவிர வேறு வருமானம் இல்லாதவருக்கு வரியைத் தள்ளிவைக்கும் உரிமை வேண்டும். வீட்டு வரியில் எந்த மாற்றமும் கிராம சபையில் விவாதிக்கப்பட வேண்டும். கப்பலில் வரும் அத்தியாவசியப் பொருள்களின் விலையிலுள்ள கப்பல் கூலிக்கு வரி கூடாது. ஜிஎஸ்டி முடிவுகளில் தீவு மக்களின் குரல் கேட்கப்பட வேண்டும்.

"பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். பரம்பரைச் சொத்து மீதான எஸ்டேட் வரி 1985ல் ஒழிக்கப்பட்டது. செல்வ வரி 2015ல் ஒழிக்கப்பட்டது. 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரியின் அடிப்படை விகிதம், சலுகைகளைக் கைவிடும் நிறுவனங்களுக்கு, 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கோடீசுவரரின் சொத்து வாரிசுக்கு வரியின்றிக் கைமாறும் நாட்டில், மஸ்தூரின் கைம்பெண் தகரத்துக்கும் மருந்துக்கும் வரி கட்டுகிறார். பணம் இருக்கும் இடம் இதுதான்.

தோழர்களே, இந்தக் கூட்டம் முடிந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஊரிலுள்ள ஒவ்வொரு மூத்தவரின் வீட்டுக்கும் செல்லுங்கள். மாத வருமானம், மருந்துச் செலவு, வீட்டின் அளவு, நிலத்துக்கான ஆவணம், கட்டும் வரி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். மொழி பார்க்க வேண்டாம்; வங்காளி முதியவரின் கூரையும் ராஞ்சியிலிருந்து வந்த முதியவரின் கூரையும் அதே மழையில்தான் ஒழுகுகின்றன. அந்தக் கணக்கோடு அடுத்த கிராம சபைக்குச் செல்வோம். அதன் தீர்மானத்தோடு நிர்வாகத்தின் கதவைத் தட்டுவோம்.