டாங்கிக்குள் ஒரு பூஞ்சைத் தோட்டம்

மலேசியாவின் அம்பாங்கான்வாசிகளுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். அங்கே பழைய டீசல் படகு ஒன்று நடுக்கடலில் இருமி நின்றால், எஞ்சினைத் திட்டுவதற்கு முன் டாங்கியைப் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் வாகன டீசலுடன் 10 விழுக்காடு செம்பனை டீசல் கலப்பது 2019இல் தொடங்கியது. நம் தோட்டத்துச் சரக்குதான்! ஆனால் அது ஈரத்தை எளிதில் இழுக்கும். படகுக்கும் அதையே ஊற்றினால், பழைய டாங்கியில் படிந்த கசடையும் கிளப்பிவிடும். அடியில் தங்கும் நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் பூஞ்சை வளர்ந்து, கறுத்த கொழகொழப்பாக ஃபில்டரை அடைக்கும்.

அடி டீசலைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால் குட்டு வெளிப்படும்: கீழே நீர், மேலே டீசல், நடுவே கறுப்பு ஆடை.

மருந்து ஊற்றினால் மட்டும் போதாது. செத்த பூஞ்சையும் அடைக்கும். நீரை வடித்து, டாங்கியைக் கழுவி, ஃபில்டரை மாற்றிய பிறகே படகை இறக்குங்கள்.