ஏலக்காயும் எரிசாராயமும்

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் நடந்தால், ஏலக்காய் மூட்டையின் மணமும் கொத்தமல்லி மூட்டையின் மணமும் மாறி மாறி நம்மை எதிர்கொள்ளும். ஏலத்தின் எண்ணெயில் சினியோல் மிகுதி. மல்லியின் எண்ணெயில் லினலூல் மிகுதி. இவ்விரண்டிலும் உள்ளவை 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்ஸிஜன் அணுக்களே. சரக்குப் பட்டியல் ஒன்று, சரக்கு வேறு. இது எப்படி?

தண்ணீரில் ஓர் ஆக்ஸிஜன் அணு இரு ஹைட்ரஜன் அணுக்களைப் பற்றியிருக்கிறது. அவற்றுள் ஒன்றை விலக்கிக் கார்பன் தொகுதியை அமர்த்தினால் ஆல்கஹால்; இரண்டையும் விலக்கி இருபுறமும் கார்பனை அமர்த்தினால் ஈதர். லினலூல் ஆல்கஹால்; சினியோல் ஈதர். ஆல்கஹாலில் எஞ்சிய அந்த ஹைட்ரஜன் அற்பமானதன்று. அண்டை மூலக்கூற்றின் ஆக்ஸிஜனை அது ஈர்த்துப் பிடிக்கிறது. ஆகவேதான் எதில் ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்க, அதே அணுக்களாலான டைமெதில் ஈதர் பூஜ்யத்துக்குக் கீழே 24 டிகிரியிலேயே வாயுவாகிவிடுகிறது. 1846 முதல் அறுவை மருத்துவத்தில் புகழ்பெற்ற மயக்க ஈதர், இரண்டு எதில் ஆல்கஹால் மூலக்கூறுகளிலிருந்து கந்தகாமிலத்தின் துணையால் நீரை நீக்கிப் பெறுவது. அது 35 டிகிரியில் கொதிக்கும். கொச்சியின் கோடையில் திறந்த பாத்திரத்தில் தங்காது!

இனி ஆல்கஹாலுக்கு மீள்வோம். எதில் ஆல்கஹாலில் இரண்டு கார்பன். மெதில் ஆல்கஹாலில் ஒன்றே. நிறத்தாலும் மணத்தாலும் இவற்றைப் பிரித்தறிவது அரிது. ஃபோர்ட் கொச்சிக்கு எதிரே, துறைமுக வாயிலின் அக்கரையில் உள்ள வைப்பின் தீவில், 1982ஆம் ஆண்டு ஓணத்தின்போது, மெதில் ஆல்கஹால் கலந்த சாராயத்தைக் குடித்து 70க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பலர் கண்ணிழந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் அதே நஞ்சு 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது.

கல்லீரலில் உள்ள என்ஸைம்கள் எதில் ஆல்கஹாலைக் காடியிலுள்ள அசிட்டிக் அமிலமாக மாற்றும். மெதில் ஆல்கஹால் சென்றால், அவையே அதை ஃபார்மால்டிஹைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றிவிடும். இவ்வமிலமே கண் நரம்பைத் தாக்குவது. இது சேர்வதற்குப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவர் முதலில் நலமாகவே காணப்படுவார். பார்வை மங்கிய பிறகே மருத்துவமனையை நாடுவார். கொடுமை இதில்தான் இருக்கிறது.

மாற்று மருந்தும் இதே ரசாயனத்திலிருந்து பிறந்தது. என்ஸைமுக்கு எதில் ஆல்கஹாலின்மீதே நாட்டம் அதிகம். மருத்துவர்கள் அளவறிந்து அதையோ, என்ஸைமைத் தடுக்கும் ஃபோமெபிசோலையோ செலுத்துவர். மெதில் ஆல்கஹால் அமிலமாக மாறாமல் நிற்க, ரத்தச் சுத்திகரிப்பால் அதை வெளியேற்றுவர்.