தூக்கிப் போடும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

(நம் சங்கத்தின் குடியரசு தின விழாவில் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

கொடியேற்றி இனிப்பும் சாப்பிட்டாயிற்று. ஐந்தே நிமிடம் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே வைத்திருப்பது என் அப்பா உட்கார்ந்த நாற்காலி. தேக்கு மரம், பிரம்புப் பின்னல், ஊர் ஆசாரி கையால் செய்தது. இங்கே குடிவருவதற்கு முன் முடிச்சூரில் இருந்தோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கையில் கிடைத்ததை மாடிக்கு ஏற்றினோம். இது கீழேயே நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்தபின் பார்த்தால் பிளைவுட் அலமாரி ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. நாற்காலி நான்கு காலில் நின்றது.

ஏன் என்று தெரிய, இப்படிக் கவிழ்த்துப் பாருங்கள். காலில் துளை போட்டு, சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, உள்ளே இறக்கி, மர ஆணி அடித்திருக்கிறார்கள். இரும்பே இல்லை. மரம் வைரம் பாய்ந்தது. தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு. கரையான் எளிதில் தொடாது. ஓரத்தில் வெளுத்துத் தெரியும் வெளிறு அப்படியல்ல. உங்கள் நாற்காலியில் முதலில் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே அரித்திருக்கிறது.

வெள்ளத்துக்குத் தப்பிய நாற்காலியைக் கெடுத்தது நான்தான். சீக்கிரம் காயட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். முதுகுப் பலகை வெடித்தது. நிழலில், காற்றோட்டத்தில், மெல்லக் காயவிட்டிருக்க வேண்டும். அடுத்து, ஒரு கால் ஆடியது என்று இரண்டு ஆணி அடித்தேன், சட்டம் பிளந்தது.

பிறகு வந்த ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். "ஆடுறது நோய் இல்ல சார், பசை விட்டுப்போச்சு, அவ்வளவுதான்" என்றார். அந்தக் காலத்தில் ஒட்டியது வஜ்ஜிரப் பசையில். வெந்நீர் பட்டால் இளகும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப்பசை தடவி, கயிற்றால் இறுக்கி ஒருநாள் வைத்தால் போதும். எத்தனை தலைமுறை ஆனாலும் திரும்பக் கழற்றி மாட்டலாம். அவருக்கு அதிக நேரம் பிடித்தது என் ஆணிகளைப் பிடுங்கத்தான்!

பிரம்பு தொய்ந்திருந்தால் உடனே வெட்டி எறியாதீர்கள். இரவில் அடிப்பக்கம் ஈரத்துணியால் ஒற்றிவிட்டு, யாரும் உட்காராமல் காயவிடுங்கள். காயும்போது தானே இறுகும். அறுந்திருந்தால்தான் புதிதாகப் பின்ன வேண்டும். ஃபேன் துடைக்க அதன்மேல் ஏறி நிற்கவே கூடாது.

பளபளப்புக்காக எனாமல் பெயின்ட் அடிக்க வேண்டாம். பழைய நாற்காலிகளில் பெரும்பாலும் அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பாலிஷ்தான் இருக்கும். மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். பிசுபிசுத்தால் அரக்குதான், அதே பாலிஷை மேலே மெல்லிசாகக் கொடுத்தாலே போதும்.

இதையெல்லாம் இன்று சொல்ல ஒரு காரணம் உண்டு. தாம்பரம் பக்கம் தனி வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டக் கட்ட, இந்த மாதிரி சாமான்கள் தெருவுக்கு வருகின்றன. நம் லிஃப்ட் பக்கத்திலேயே ஒரு வாரமாக ஒரு பிரம்பு நாற்காலி நிற்கிறது. "கால் ஆடுது, எடுத்துக்கலாம்" என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. பழைய சாமான்காரர் வருவதற்குள், உரியவர் சம்மதித்தால், விழா முடிந்ததும் நாம் சேர்ந்து அதைக் கவிழ்த்துப் பார்க்கலாம். சரியானால் செக்யூரிட்டி அண்ணன் உட்கார ஒரு நல்ல நாற்காலி கிடைக்கும்.

தயவுசெய்து சுத்தியல் மட்டும் யாரும் எடுத்து வராதீர்கள்.