வால் முளைத்த நட்சத்திரங்கள்

(ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதி ஆசிரியர்களுக்கான கூட்டம் ஒன்றில் அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறேன். அதில் "எதிரொளிப்புத் தொலைநோக்கி, 6 அங்குலம் – 1" என்று ஒரு வரி. அதற்கு நேரே குறிப்பு என்ற கட்டத்தில் "பழுது" என்று எழுதியிருக்கிறது. எழுதியது நான்தான். அடுத்த இருப்புச் சரிபார்ப்பில் அது பயன்படாத பொருள்களின் பட்டியலுக்குப் போயிருக்கும். அதன் பிறகு பழைய இரும்பு.

அந்தத் தொலைநோக்கியில் உடைந்தது எதுவும் இல்லை. மூன்று திருகுகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான். அது எனக்குத் தெரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. தெரியவைத்தது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி.

முதலில் கருவியைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் தொலைநோக்கி வருகிறது, உங்களுக்குப் புதிதல்ல. நியூட்டன் 1668-இல் செய்த வடிவம் இது. குழாயின் அடியில் ஒரு குழியாடி. அது ஒளியைக் குவித்து மேலே அனுப்பும். குழாயின் வாய்க்கு அருகில் 45 பாகை சாய்வில் சின்னதாக ஒரு சமதள ஆடி. அது ஒளியைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணருகு வில்லை செருகும் ஃபோகஸருக்கு அனுப்பும். நியூட்டனின் ஆடி செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம், நம் வெண்கலத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. எங்களுடையது அலுமினியம் பூசிய கண்ணாடி. விட்டம் 150 மி.மீ., குவிய நீளம் 750 மி.மீ. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஐந்து. இதைத்தான் எஃப்/5 என்கிறார்கள். இந்த ஐந்து பின்னால் தேவைப்படும்.

நிலாவைப் பார்த்தபோது எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை. நம் கண் தாராள மனசுக்காரக் கண், சுமாரான பிம்பத்தையும் நல்லதென்று ஏற்றுக்கொள்ளும். கேமராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. எங்கள் முன்னாள் மாணவர் ஒருவர் திருவேற்காட்டில் கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர் ஒரு ஜனவரி மாலை கேமராவோடு வந்தார். கண்ணருகு வில்லையை எடுத்துவிட்டு, ஒரு வளையம் போட்டு, லென்ஸ் இல்லாத கேமராவை நேரடியாக ஃபோகஸரில் மாட்டினோம். நட்சத்திரத்தைத் தொடரும் மோட்டார் தாங்கியில் இருந்தது. கார்த்திகைக் கூட்டத்தை நோக்கி வைத்து, பத்து விநாடி ஒளி வாங்கினோம். படம் வந்தது. ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு வால்!

ஃபோகஸைத் திருகித் திருகிப் பார்த்தோம். வால் போகவில்லை. "கருவியே சரியில்லை" என்று முடிவு கட்டி அலமாரியில் பூட்டினேன். மறுநாள் பதிவேட்டில் "பழுது" ஏறியது.

இரண்டு ஆண்டு கழித்து, அறிவியல் மன்றத்துக்குப் படங்களைக் காட்டியபோது அந்தப் படமும் கூட வந்துவிட்டது. "மிஸ், எல்லா வாலும் ஒரே பக்கமா இருக்கே?" என்றாள் அந்தப் பெண். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை. படத்தின் அச்சுப் பிரதியை வாங்கிக்கொண்டு போய், ஸ்கேலும் பென்சிலும் வைத்து ஒவ்வொரு வாலையும் பின்னோக்கி நீட்டிக் கோடு போட்டாள். கோடுகள் இணையாக இல்லை. தாளின் இடது ஓரத்தைத் தாண்டி, பெஞ்சின் மேல் ஏறத்தாழ ஒரே இடத்தில் போய்ச் சந்தித்தன.

அந்த இடம்தான் ஆடியின் அச்சு. அது படத்தின் நடுவில் இருக்க வேண்டும், எங்களுக்குப் படத்துக்கு வெளியே போயிருந்தது.

பரவளைய ஆடி தன் அச்சின் மேல் விழும் ஒளியைத்தான் ஒரு புள்ளியாகக் குவிக்கும். அச்சைவிட்டு விலக விலக நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும், அச்சுக்கு எதிர்ப்புறமாக. வால்வெள்ளி போல இருப்பதால் இந்தக் குறைக்குக் கோமா என்று பெயர். எனவே படத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம். நடு நட்சத்திரங்கள் புள்ளியாகவும் ஓரத்து நட்சத்திரங்கள் நாற்புறமும் வெளிநோக்கி வால்விட்டும் இருந்தால் ஆடிகள் சரி, அது இந்த வகைத் தொலைநோக்கியின் பிறவிக்குணம். நடு நட்சத்திரத்துக்கே வால் இருந்தால் ஆடிகள் கோணல். எல்லாமே ஒரே நீளத்தில், இரு முனையும் ஒரே தடிமனில் கோடுகளாக இருந்தால் ஆடியைத் தொடாதீர்கள், தாங்கிதான் வானத்தோடு சேர்ந்து ஓடவில்லை.

கோமா இல்லாத அந்த நடு வட்டம் எவ்வளவு பெரியது? எஃப்/8 ஆடியில் ஏறத்தாழ 11 மி.மீ. எஃப்/5-இல் 2.8 மி.மீ. எஃப்/4-இல் ஒன்றரை மி.மீ. கூட இல்லை. எஃப் எண்ணின் மும்மடிக்கு ஏற்ப அது சுருங்குகிறது. எங்கள் கேமரா சென்சாரின் மூலைவிட்டம் 28 மி.மீ. அதன் நடுவில் ஒரு உளுந்து அளவு வட்டத்தைக் கொண்டுவந்து உட்கார வைப்பதுதான் வேலை. இதைக் கோலிமேஷன் என்கிறார்கள். ஆடிகளை நேர்ப்படுத்துதல் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

பெரிய ஆடியின் பின்புறம் மூன்று திருகுகள் உண்டு. அவற்றைத் தொடவே எனக்குப் பயம். அப்போது அந்த மாணவியின் அப்பா பள்ளிக்கு வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். குழாயைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது ஃபோர் ஜா சக்குல ஜாப்பை சென்டர் எடுக்கிற மாதிரிதான். ஒண்ண லூஸ் பண்ணாம எதிர்ல இருக்கிறத டைட் பண்ணக் கூடாது. அம்புட்டுதான்" என்றார். எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. சின்ன ஆடியின் மூன்று திருகுகளுக்கு அந்த விதி அப்படியே பொருந்தும். ஒன்றைத் தளர்த்தாமல் மற்றொன்றை இறுக்கினால் புரி தேயும்.

இனி செய்முறை. பெரிய ஆடியின் மையத்தில் ஓர் அடையாளம் வேண்டும். எங்களுடையதில் இல்லை. 150 மி.மீ. விட்டத்தில் தாளில் ஒரு வட்டம் வெட்டி, இரண்டு முறை மடித்து மையம் கண்டு, அங்கே துளையிட்டோம். ஆடியைக் கவனமாக வெளியே எடுத்து, தாளை அதன் மேல் வைத்து, துளை வழியே மார்க்கரால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியைச் சுற்றி, ஃபைலில் தாள் ஓட்டை கிழியாமலிருக்க ஒட்டுவோமே, அந்த வளையம். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். வட்டத்தை மடித்து மையம் காண்பது உங்கள் வகுப்பு வேலை, எங்கள் தொலைநோக்கி அதை நம்பித்தான் நிற்கிறது. "ஸ்டிக்கர் பிம்பத்தை மறைக்காதா மிஸ்?" என்று கேட்பார்கள். மறைக்காது. அந்த இடம் எப்படியும் சின்ன ஆடியின் நிழலில்தான் இருக்கிறது.

அடுத்து, ஃபோகஸரின் தூசி மூடியின் நடுவில் ஒரு சிறு துளை. கண்ணை அச்சின் மேல் நிறுத்த அது போதும். குழாயைக் கிடைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். செங்குத்தாக வைத்து வேலை செய்தால் ஆலன் கீ கைதவறி நேரே பெரிய ஆடியின் மேல் விழும். துளை வழியே பார்த்து, முதலில் சின்ன ஆடி ஃபோகஸருக்கு நேர் கீழே வட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு அதன் மூன்று திருகுகளால், பெரிய ஆடி முழுவதும், அதைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளும் தெரியும்வரை சாய்வை மாற்றுங்கள். கடைசியாகப் பெரிய ஆடிக்குப் போங்கள். அதன் திருகுகளை மெல்லத் திருப்பினால், நீங்கள் பார்க்கும் துளையின் பிம்பமே நகர்ந்து வந்து காகித வளையத்துக்குள் உட்காரும். ஒருவர் துளையில் கண் வைக்க, ஒருவர் பின்னால் திருக, இருவரும் பேசிக்கொண்டே செய்யலாம். எங்கள் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் முடிக்கிறார்கள்.

நான் நான்கு இரவுகளை வீணாக்கிய இடம் ஒன்று உண்டு. எல்லாம் சரியான பிறகும், சின்ன ஆடியின் கரிய நிழல் மட்டும் நட்டநடுவில் இராமல் சற்றே பெரிய ஆடியின் பக்கம் தள்ளித் தெரியும். அதையும் நடுவுக்குக் கொண்டுவரப் போராடினேன். அதைச் சரிசெய்தால் மற்றது கெடும், மற்றதைச் சரிசெய்தால் இது கெடும். எஃப்/5 போன்ற குட்டைக் குழாயில் ஒளிக்கூம்பு வேகமாக விரிவதால், சாய்ந்த ஆடியின் ஒரு பாதி பெரிய ஆடிக்கு அருகிலும் மறுபாதி தள்ளியும் இருக்கிறது. நிழல் அப்படித் தள்ளித் தெரிவதுதான் சரி. எல்லா வட்டமும் ஒரே மையத்தில் இருக்க வேண்டும் என்று நானாக வைத்துக்கொண்ட ஆசைதான் என்னை அலைக்கழித்தது.

எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைப் பதினோராம் வகுப்புக்குக் கணக்காகவே கொடுத்தேன். எங்கள் திருகின் புரியிடைத் தூரம் 0.8 மி.மீ. கால் சுற்றுக்கு 0.2 மி.மீ. திருகுக்கும் மற்ற இரண்டு திருகுகளை இணைக்கும் கோட்டுக்கும் இடையே 98 மி.மீ. ஆக ஆடி சாய்வது 0.002 ரேடியன். குவிய நீளம் 750-ஆல் பெருக்கினால், ஆடியின் குவியம் ஒன்றரை மி.மீ. நகர்கிறது. நம் நல்ல வட்டத்தின் ஆரமே 1.4 மி.மீ.தான். ஒரு திருகு, கால் சுற்று, நடு நட்சத்திரத்துக்கு வால் முளைத்துவிட்டது! ஷேர் ஆட்டோவில் ஒரு முறை தொலைநோக்கி குலுங்கினால் என்ன ஆகும் என்று இனி நீங்களே கணக்குப் போடலாம்.

இதற்கென்று லேசர் விற்கிறார்கள். வாங்கினால் ஒன்று செய்யுங்கள். ஃபோகஸரில் செருகி, லேசரை அதன் அச்சிலேயே சுற்றிப் பாருங்கள். சிவப்புப் புள்ளி ஒரே இடத்தில் நின்றால் நல்லது. வட்டம் போட்டால் லேசரே கோணல், அதை வைத்து ஆடியைத் திருப்பினால் ஆடியும் கோணலாகும். விலை குறைந்தவற்றில் இது சாதாரணம். எங்களுக்குத் துளையிட்ட மூடியே போதுமாக இருக்கிறது. லேசர் வைத்திருக்கும்போது குழாயின் வாய்ப்பக்கம் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.

கடைசித் தீர்ப்பு வானத்தில்தான். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை அதிக உருப்பெருக்கத்தில் நடுவில் நிறுத்தி, ஃபோகஸைச் சற்றுக் கலையுங்கள். நட்சத்திரம் வடை போல விரியும். ஓட்டை வடையின் நடுவில் இருந்தால் சரி. இல்லாவிட்டால் பெரிய ஆடியின் திருகைத் துளி திருப்புங்கள். உடனே நட்சத்திரம் இடம் நகரும், அதை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்துதான் பார்க்க வேண்டும். ஓரத்தில் வைத்துப் பார்த்தால் சரியான ஆடியும் கோணலாகத் தெரியும். பூட்டுத் திருகுகளை இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள், இறுக்கும்போதே நகர்ந்திருக்கும்.

இங்கே நம் ஊர்ச் சங்கடங்கள் இரண்டு. மொட்டை மாடி வேண்டாம். பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு வெகுநேரம் அனலை வெளிவிடும், நட்சத்திரம் கொதிக்கும் பாலைப் போல அலையும். மைதானத்து மண்தரை நல்லது. முக்கால் மணி நேரம் முன்பே குழாயை வெளியே வைத்துவிடுங்கள். இரண்டாவது, தாங்கியைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே வைக்கச் சொல்வார்கள். நாம் 13 பாகை அட்சரேகையில் இருக்கிறோம், துருவ நட்சத்திரமும் அடிவானத்திலிருந்து 13 பாகை உயரத்தில்தான். எங்களுக்கு அது ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்னால். திசைகாட்டியை வைத்துத் தோராயமாக வைக்கிறோம். பத்து விநாடிக்கு அது போதும்.

தொழிற்பேட்டை விளக்குகள், சி.டி.எச். சாலை விளக்குகள் எல்லாம் இருக்க, என்ன தெரியும் என்று கேட்பீர்கள். மங்கலான விண்மீன் திரள்களை நான் எதிர்பார்ப்பதில்லை. நிலா, வியாழன், சனி, இரட்டை நட்சத்திரங்கள் ஆகியவற்றுக்கு ஊர் வெளிச்சம் பெரிய தடை இல்லை, ஆடி நேராக இருப்பதுதான் முக்கியம். ஆடியை நேர்ப்படுத்திய பிறகு முதலில் மிருகசீரிடம் இருக்கும் ஓரியன் கூட்டத்தின் நெபுலாவைத்தான் எடுத்தோம். அதன் நடுவில் நெருக்கமாக நான்கு நட்சத்திரங்கள் உண்டு. முன்பு எடுத்தபோது ஒரே அப்பல். இப்போது கேமரா திரையைப் பெரிதாக்கிய அந்த மாணவி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று விரலால் தொட்டு எண்ணினாள். மூலைகளில் இன்னும் வால் இருக்கிறது. அதை நீக்கத் தனி வில்லை விற்கிறது, எங்களிடம் இல்லை. நடுப்பகுதியை மட்டும் வெட்டி வைத்துக்கொள்கிறோம்.

பெரிய கருவிகளுக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. நம் ரயில் பாதையிலேயே போய் வாணியம்பாடியில் இறங்கினால், மலைமேல் காவலூர். 1986-இல் திறக்கப்பட்ட அங்குள்ள வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர், பெங்களூரில் மெருகேற்றியது. அதன் எஃப் எண் 3.25, நம்முடையதைவிடச் சிறியது. மேலே சொன்ன மும்மடிக் கணக்கை அதற்குப் போட்டுப் பாருங்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022 பிப்ரவரியில் சப்தரிஷி மண்டலத்திலுள்ள ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபோது, படத்தில் பதினெட்டு புள்ளிகள் வந்தன. பதினெட்டு ஆடித் துண்டுகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றை ஒரு புள்ளியாக்கியது, பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தொலைவிலிருந்த திருகுகளை இங்கிருந்தபடியே திருப்பி. அந்தப் படத்தை வகுப்பில் காட்டியபோது, "நாசாவுக்கும் நம்ம பிரச்சனைதானா மிஸ்?" என்று பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

பதிவேட்டில் "பழுது" என்பதை அடித்து, "நேர்ப்படுத்தப்பட்டது" என்று எழுதி, தேதியிட்டுச் சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். தணிக்கையில் கேட்டால் அந்தக் கோடு போட்ட தாளைத்தான் காட்டப் போகிறேன். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தொலைநோக்கியை இன்று கொண்டுவந்திருக்கிறேன். வராந்தாவில், வெயில் படாத பக்கம் நிற்கிறது. வெளியே எடுத்துச் சூரியன் பக்கம் யாரும் திருப்பிவிட வேண்டாம். வரும் வழியில் குலுங்கியது போதாதென்று, பின்னால் இருக்கும் மூன்று திருகுகளில் ஒன்றை நானே அரைச் சுற்று திருப்பி வைத்திருக்கிறேன். தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். துளையிட்ட மூடி ஃபோகஸரிலேயே இருக்கிறது. எந்தத் திருகு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.