நிரல்மொழி கற்போரின் முதல் வினாக்கள்



1896ஆம் ஆண்டில் இம்மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா முதலிய ஊர்களில் கணினியின்முன் அமர்கின்றனர். நிரல்மொழி கற்கத் தொடங்கும் அவர்தம் உள்ளத்தில் எழும் நான்கு வினாக்களைப் பற்றி மட்டும் இன்று பேச விழைகின்றேன்.

முதல் வினா: "ஆங்கிலப் புலமை இன்றி நிரல் எழுத இயலுமா?" இயலும். பைத்தான் மொழியின் குறிச்சொற்கள் ஏறத்தாழ 35 மட்டுமே. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம். 2008இல் வெளிவந்த பைத்தான் 3 அதற்கு இடந்தருகின்றது. குறிச்சொற்களையும் தமிழிலேயே கொண்ட 'எழில்' என்னும் நிரல்மொழியை முத்து அண்ணாமலை உருவாக்கியுள்ளார். மேற்படிப்புக்கு ஆங்கிலம் தேவைதான்; ஆயினும் அது கற்றபின்னரே உள்ளே வரவேண்டும் என்பதில்லை.

இரண்டாம் வினா: "மொத்தம் = மொத்தம் + 5 என்பது கணக்கில் பிழையன்றோ?" கணக்கில் பிழையே. நிரலில் அது சமன்பாடு அன்று, கட்டளை. தோட்டத்தில் பால் நிறுப்பவர், முன்னிருந்த மொத்தத்தோடு புதிய எடையைக் கூட்டி, அதனையே புதிய மொத்தமாகக் குறித்துக்கொள்வார். கணினி செய்வதும் அதுவே.

மூன்றாம் வினா: "எண்ணிக்கை ஏன் சுழியத்தில் தொடங்குகின்றது?" நிரையின் தொடக்கத்தில் நிற்கின்றோம். முதல் மரத்தை அடைய எத்தனை மரங்களைக் கடக்க வேண்டும்? ஒன்றையும் இல்லை. இரண்டாம் மரத்தை அடைய ஒன்றைக் கடக்க வேண்டும். பைத்தான் போன்ற மொழிகள் பட்டியலில் குறிப்பது வரிசை எண்ணை அன்று. தொடக்கத்திலிருந்து உள்ள தொலைவை.

நான்காம் வினாவே எனக்கு மிகவும் உவப்பானது. 'மலாக்கா' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 7 என்று விடை வரும். நம் இலக்கணப்படி ம, லா, க், கா என எழுத்துகள் நான்கே. "கணினி பிழை செய்கின்றதா, நான் பிழை செய்தேனா?" என்று மாணவர் மயங்குவார். இருவரும் பிழை செய்யவில்லை. ஒருங்குறியில் 'லா' என்பது லகரமும் துணைக்காலும் ஆகிய இரு குறிகள். 'க்' என்பது ககரமும் புள்ளியும். கணினி குறிகளை எண்ணுகின்றது; நாம் எழுத்துகளை எண்ணுகின்றோம். தமிழ் எழுத்துகளைத் தமிழ் முறைப்படியே பிரித்தெண்ண 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல் தொகுப்பு இன்று உண்டு.

இவ்வினா தமிழறிந்த மாணவருக்கே தோன்றும். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கியதும், கணினியில் தமிழுக்குரிய இடம் எங்கே என்று வினவியதன் பயனன்றோ?

ஆதலின் ஆசிரியர்களையும் பெற்றோர்களையும் ஒன்று வேண்டுகின்றேன். "இதுகூடத் தெரியாதா?" என்ற சொல்லைக் கேட்ட பிள்ளை அடுத்த வினாவைக் கேட்பதில்லை. விடை தெரியாவிடின், "வா, எழுதி ஓட்டிப் பார்ப்போம்" என்று அருகில் அமருங்கள். பிழைச்செய்தி தண்டனையன்று, எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று காட்டும் குறிப்பு.